தறிக்கு எதிரே ஓர் இரட்டைக் கண்ணாடி

சங்கரன்கோவிலில் ஜன்னல் வைப்பது காற்று வரட்டும் என்றுதான். மூடியே வைப்பதற்கென்று ஒருவன் ஜன்னல் வாங்குகிறான் என்றால் அவனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தம். எனக்கு ஆகியிருந்தது பணி ஓய்வு. முப்பத்து நான்கு வருடம் தாலுகா ஆபீசில் குப்பை கொட்டிவிட்டு, ஒரு சந்தன மாலையும் ஒரு சுவர்க்கடிகாரமும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவன், இனி யாருடைய மனுவையும் நிலுவையில் போட முடியாதே என்ற ஏக்கத்தில் சும்மா இருக்க முடியாமல் இருந்தேன். அப்போதுதான் என் வீட்டிலேயே முப்பது வருடமாக நிலுவையில் கிடந்த ஒரு மனு கண்ணில் பட்டது.

என் மனைவிக்கு ஒற்றைத் தலைவலி. கல்யாணமான வருடமே தொடங்கிவிட்டது. அது என்னால் வந்தது என்று அவள் வீட்டார் சொன்னார்கள். தறியால் வந்தது என்று நான் சொன்னேன். எங்கள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் விசைத்தறிக் கூடம். காலையில் தொடங்கினால் தடக்கு தடக்கு என்று இரவுச் சாப்பாடு வரைக்கும் ஓடும். எங்கள் தெருவில் பிறந்த பிள்ளைகள் அந்தச் சத்தத்தில்தான் தொட்டிலில் தூங்கும், தறி நின்றால் விழித்துக்கொண்டு அழும். இவள் பனவடலிசத்திரத்துக்காரி. ஆட்டு மணியைத் தவிர வேறு சத்தம் கேட்டு வளராதவள். தலைவலி வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு, நெற்றியில் ஈரத்துணியைப் போட்டுச் சுருண்டு படுத்துக்கிடப்பாள். ரிட்டயர் ஆன பிறகு சத்தமே இல்லாத ஓர் அறை கட்டித் தருகிறேன் என்று நான் பல வருடமாகச் சொல்லிவந்தேன். அரசாங்கத்தில் இருந்தவன் கொடுக்கும் வாக்குறுதி என்பதால் அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தறியைக் கொஞ்ச நேரம் நிறுத்தச் சொன்னால் என்ன என்று கேட்பீர்கள். தறிக்காரர் என்னோடு ஐந்தாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர். அவர் ஜீவனமே அதுதான். அவரிடம் போய் நிறுத்து என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அந்த வருடம் கனடாவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனோம். அவள் வீட்டு வாசலில் லாரியும் பஸ்ஸும் இடைவிடாமல் போயின. ஜன்னலை மூடினால் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு ஜன்னலுக்கு இரண்டு கண்ணாடி, நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு இடைவெளி என்று மருமகன் விளக்கினார். அங்கே இருந்த ஒன்றரை மாதமும் என் மனைவிக்குத் தலைவலி வரவில்லை. எல்லாம் கண்ணாடியின் மகிமை என்று நான் முடிவு கட்டினேன். அங்கே சமையல் முழுக்க மகள் பார்த்துக்கொண்டாள், நான் நாள் முழுக்க மருமகனோடு பேசிக்கொண்டிருந்தேன், ஒருவேளை அதனால்கூட இருக்கலாம் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

ஊருக்கு வந்ததும் விசாரித்து, திருநெல்வேலியிலிருந்து ஒரு கண்ணாடிக்காரரை வரவழைத்தேன். முப்பது வயதுப் பையன், வாயில் அளவு டேப்பைக் கவ்விக்கொண்டே பேசுவார். படுக்கையறைக்கு இரண்டு, முன்னறைக்கு ஒன்று என்று மூன்று ஜன்னல். பழைய தேக்கு ஜன்னலைக் கழற்றும்போது, “நல்ல மரம் அண்ணாச்சி, பாத்துக்கோங்க” என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை சொன்னார். நான் கனடாவைப் பார்த்துவிட்டு வந்தவன். கழற்றும் என்றேன்.

வெள்ளை வெளேரென்று பிளாஸ்டிக் சட்டம், அதில் இரட்டைக் கண்ணாடி. மாட்டி முடித்ததும் அவர் எனக்குப் பாடம் எடுத்தார். இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் இருப்பது காய்ந்த காற்று. ஓரத்தில் ஓடும் அலுமினியப் பட்டைக்குள் சின்னச் சின்ன மணிகள் இருக்கின்றன, அவை ஈரத்தை உறிஞ்சும். சுற்றிலும் கறுப்புப் பசை போட்டு அடைத்திருக்கிறது. “மழைத்தண்ணி சட்டத்துக்குள்ள எறங்கத்தான் செய்யும். அதுக்குத்தான் வெளிப்பக்கம் அடியில இந்த ஓட்டை. இத மட்டும் அடைச்சிராதீங்க. அடைச்சா தண்ணி உள்ளயே நிக்கும், பசை ஊறிப் பிரிஞ்சிரும்” என்றார். நான் உத்தரவாத அட்டையில் முத்திரை சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சரி சரி என்றேன். என் மனைவி அவருக்குக் காப்பி போட அடுப்படியில் இருந்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை அவள் கோவிலுக்குப் போய்ப் புற்று மண் எடுத்து வந்தாள். எங்கள் ஊர் வழக்கம் தெரிந்தவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. கோவிலில் எடுத்த புற்று மண்ணை நெற்றியில் பூசுவோம், காய்ச்சலுக்கு ஒரு சிட்டிகை வாயில் போடுவோம், சொறி சிரங்குக்குக் குழைத்துத் தடவுவோம். வீட்டில் புதிதாக எது வைத்தாலும் மூலைக்கு மூலை கொஞ்சம் வைப்போம். பாம்பு, பூரான், தேள் எதுவும் அண்டாது. அவள் ஒரு பித்தளைக் கிண்ணத்தில் மண்ணைக் குழைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தாள். நான் முன்னறையில் உட்கார்ந்து அமைதியைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அமைதி என்றால் அப்படி ஓர் அமைதி. முதல் வருடம் அந்த ஜன்னல் சொன்ன வேலையைச் செய்தது, அதை நான் மறுக்க மாட்டேன். தறிக்காரரே கேள்விப்பட்டுப் பார்க்க வந்தார். படுக்கையறையில் உட்காரவைத்து ஜன்னலை மூடினேன். ஐந்து நிமிடம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். முகம் வாடிவிட்டது. பிறகு செல்போனை எடுத்துத் தறிக்கூடத்துக்குப் பேசினார்.

“ஏலே, தறி ஓடுதா இல்லையா?”

ஓடுகிறது என்று பதில் வந்தும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. தானே எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து, “ஓடத்தாம் செய்யுது அண்ணாச்சி. ஆனாலும் இப்பிடி நம்மள இல்லாமலே ஆக்கிட்டீங்களே” என்றார். என் மனைவி சிரித்தாள். அன்று மத்தியானம் அவள் இரண்டு மணி நேரம் தூங்கினாள். என் ஆயுளில் நான் போட்ட எந்தக் கையெழுத்தும் இவ்வளவு உடனே பலன் தந்ததில்லை.

அதற்குப் பிறகு நான் என்ன செய்திருக்க வேண்டும்? வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். நான் ஊரைக் கூட்டினேன். குருவிகுளத்திலிருந்து மைத்துனர் வந்தார், உடன் வேலை பார்த்தவர்கள் வந்தார்கள், பால்காரர்கூட வந்தார். எல்லோரையும் படுக்கையறையில் வரிசையாக உட்காரவைத்து ஜன்னலை மூடி, “கேக்குதா?” என்பேன். அவர்கள் கேட்கவில்லை என்று தலையாட்டும்வரை விடமாட்டேன். வேர்வை ஊற்றும். மைத்துனர்தான் கேட்டார்: “எல்லாஞ் சரி அத்தான், காத்துக்கு என்ன செய்ய?” அதற்கு ஏசி வாங்கினேன். ஏசி ஓட ஜன்னலை மூட வேண்டும், ஜன்னலை மூடுவதால் ஏசி ஓட வேண்டும். இதில் எது எதற்காக என்று சில நாட்களில் எனக்கே மறந்துபோனது.

மாதம் ஒருநாள் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்துவார்கள். அன்று ஏசி நிற்கும், தறியும் நிற்கும். ஜன்னலை அகலத் திறந்துபோட்டால் தெருவில் காக்கை கத்துவது மட்டும் கேட்கும். அதாவது எங்கள் வீட்டில் உண்மையான அமைதி என்பது ஜன்னல் திறந்திருக்கும் நாளில்தான் வந்தது. இரண்டாம் வருடத்திலிருந்து அந்த நாளில் மட்டும் என் மனைவி ஜன்னல் ஓரம் பாயைப் போட்டு அடித்துப்போட்ட மாதிரி தூங்கினாள். எனக்கு எரிச்சலாக வரும். ஊரெல்லாம் மெச்சுகிற ஜன்னலைத் திறந்துபோட்டுத் தூங்குகிறாளே, இவளுக்கு அருமை தெரியவில்லையே என்று பொருமினேன்.

அந்த இரண்டாம் வருடம் ஐப்பசியில் மழை கொஞ்சம் பலமாகப் பெய்தது. ஒருநாள் காலை எழுந்து பார்த்தால் படுக்கையறைக் கண்ணாடியில் பனி படர்ந்ததுபோல வெள்ளையாக மூடியிருந்தது. துண்டை எடுத்துத் துடைத்தேன். போகவில்லை. வெளிப்பக்கம் என்று நினைத்து மனைவியை வெளியே போய்த் துடைக்கச் சொன்னேன். அவள் வெளியே நின்று துடைத்தாள், நான் உள்ளே நின்று துடைத்தேன். அவள் விரலை என் பக்கம் நீட்டி உள்ளே இருக்கிறது என்றாள். நான் விரலை அவள் பக்கம் நீட்டி வெளியே இருக்கிறது என்றேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் வாய் அசைவது மட்டும் மங்கலாகத் தெரிந்தது, ஒரு சொல்லும் காதில் விழவில்லை. அந்த நிலையிலும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இரண்டு முழம் தள்ளி நின்று கத்துகிற பெண்டாட்டியின் குரலையே நிறுத்திவிட்டதே, எவ்வளவு நல்ல ஜன்னல் என்று நினைத்தேன்.

பனி இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் இருந்தது. அங்கே எந்தத் துண்டும் போகாது.

நான் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதினேன். ‘பொருள்’, ‘பார்வை’ எல்லாம் போட்டு, ‘மேற்காண் பொருள் தொடர்பாக’ என்று தொடங்கி, ‘விரைந்து நடவடிக்கை எடுக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது’ என்று முடித்தேன். பதில் இல்லை. ஒரு நினைவூட்டல் எழுதினேன். இரண்டாம் நினைவூட்டல் எழுதினேன். இப்படி எழுதப்பட்ட எத்தனையோ கடிதங்களை நானே கட்டி மூலையில் வைத்தவன் என்பதால், அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று எனக்குத் துல்லியமாகத் தெரிந்தது. பிறகு போனில் கூப்பிட்டேன். எடுத்த பெண் என்ன சொல்கிறாள் என்றே புரியவில்லை. வாய்க்குள்ளேயே முணுமுணுத்தாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வாயைத் திறந்து பேசத் தெரியவில்லை.

பிள்ளைகள் மட்டுமல்ல. டீக்கடையில் பேப்பர் படிக்கிறவர்களும் முணுமுணுக்கிறார்கள். டிவியில் செய்தி வாசிக்கிறவர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு முணுமுணுக்கிறார்கள். சத்தத்தைக் கடைசிக் கோடு வரை ஏற்றினால்தான் நாட்டு நடப்பு தெரிகிறது. ஊரிலேயே வாய்திறந்து பேசுவது என் மனைவி ஒருத்திதான். அவளும் முன்னெல்லாம் மெதுவாகப் பேசுகிறவள். நான் ஓய்வுபெற்ற பிறகு எதற்கெடுத்தாலும் சத்தம் போடுகிறாள். சம்பளம் நின்றுவிட்டால் புருஷனுக்கு மரியாதை அவ்வளவுதான் என்று என் சகாக்களிடம் சொல்லி வருத்தப்பட்டேன். அவர்கள் ஏதோ முணுமுணுத்தார்கள்.

கம்பெனிக்காரன் வராததால் வைத்தியத்தை நானே தொடங்கினேன். புது செருப்புப் பெட்டியிலும் மாத்திரை டப்பாவிலும் ஈரம் உறிஞ்சச் சின்னப் பொட்டலம் வருமே, அவற்றைத் தெருவெல்லாம் சேகரித்து ஜன்னல் ஓரம் அடுக்கினேன். அரிசியைத் துணியில் முடிந்து கட்டினேன். ரப்பர் பட்டை காய்ந்துபோகக் கூடாது என்று தேங்காயெண்ணெய் தடவினேன். அது கனிந்த வாழைப்பழத் தோல் மாதிரி தொளதொளத்துத் தொங்கியது, எறும்பும் வந்தது. மகள் விட்டுப்போன தலைமுடி காயவைக்கும் மெஷினைப் பிடித்துக்கொண்டு ஒரு மத்தியானம் முழுக்க நின்றேன். பனி மறைந்தது. சாயங்காலம் திரும்ப வந்தது, கூடவே ஓரத்தில் தாரை தாரையாகக் கோடு விழுந்திருந்தது. வெளியே யார் போகிறார்கள் என்று தெரியாது, ஆனால் யாரோ போகிறார்கள் என்று தெரியும். பார்வை கெட்டாலும் காது தப்பித்ததே என்று தேற்றிக்கொண்டேன். தறி ஓடுவது தரையில் லேசான அதிர்வாகக் காலுக்குத் தெரியும். சத்தம் துளியும் கிடையாது.

“பாத்தியா, பனி படிஞ்சாலும் சத்தத்த உள்ள விடல” என்று மனைவியிடம் தினமும் சொல்வேன். அவள் ஆமாம் என்று தலையாட்டிவிட்டுப் போவாள்.

தலைவலி மட்டும் அவளுக்குத் திரும்ப வந்திருந்தது. வாரம் இரண்டு நாள் ஈரத்துணி போட்டுப் படுத்தாள். சத்தம்தான் இல்லையே, இனி என்ன கேடு என்று எனக்குப் புரியவில்லை. வெயில் என்றேன், பித்தம் என்றேன், ரத்தம் குறைவு என்று ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். இன்னொன்றும் கவனித்தேன். வீட்டில் பஞ்சு அதிகமாகச் செலவாயிற்று. பதினைந்து நாளைக்கு ஒரு பொட்டலம். கேட்டால் விளக்குத் திரிக்கு என்றாள். கோவில் கர்ப்பக்கிரகத்துக்குக்கூட இத்தனை திரி ஆகாதே என்று நினைத்துக்கொண்டேன். வயசானால் பக்தி கூடுவது சகஜம்தான்.

கோவிலில் ஆடித்தபசுத் திருவிழா முடிந்து கூட்டம் கலைந்த வாரம் ஒருநாள் காலை, திடீரென்று கண்ணாடிக்காரர் வந்து நின்றார். என் கடிதம் எதுவும் அவருக்குப் போய்ச் சேரவில்லை. என் மனைவிதான் உத்தரவாத அட்டையிலிருந்த நம்பரைப் பார்த்துப் போன் போட்டிருக்கிறாள். இரண்டு நினைவூட்டலால் நடக்காத காரியம் ஒரு போனில் நடந்துவிட்டதில் எனக்குக் கொஞ்சம் மனவருத்தம்.

வந்தவர் ஜன்னலை வெளிப்பக்கமிருந்து பார்த்தார். குனிந்து அடிச்சட்டத்தைப் பார்த்தார். ஸ்க்ரூடிரைவரை எடுத்து ஓட்டையைக் குத்தினார். காய்ந்த சிவந்த மண் பொட்டுப் பொட்டாக உதிர்ந்தது. மூன்று ஜன்னலிலும் ஒவ்வொரு ஓட்டையையும் யாரோ பக்குவமாக, விரலால் அழுத்தி அடைத்து, மேலே மஞ்சள்கூட வைத்திருந்தார்கள்.

“யார் அண்ணாச்சி இதுல மண்ணப் பூசினது?”

“நாந்தாம் தம்பி” என்றாள் என் மனைவி. “புது ஜன்னல்ல அடியில ஓட்ட ஓட்டயா இருந்துச்சு. பாம்புக் குட்டி நுழையும்லா. அதாம் கோவில் புத்து மண்ண வச்சு அடைச்சேன்.”

நான் பொங்கி எழத் தயாரானேன். ஒன்பது மாதமாகக் கம்பெனியைத் திட்டியது, கடிதம் எழுதியது, அரிசி முடிந்து கட்டியது எல்லாம் இந்த ஒரு கிண்ணம் மண்ணால். ஆனால் கண்ணாடிக்காரர் அதற்குள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டார். கீழே உதிர்ந்த மண்ணைக் கால் படாமல் ஒரு பேப்பரில் கூட்டி எடுத்தார். கொஞ்சம் நெற்றியில் வைத்துக்கொண்டார். “எங்க அம்மா எங்க வீட்டுல வாஷிங் மெஷின் தண்ணி போற ஓட்டைல வச்சிருக்கா” என்றார். மிச்சத்தை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சாமி மண்ணைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த முடியாமல் நானும் கொஞ்சம் எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டேன்.

அவர் உள்ளே வந்து படுக்கையறையில் நின்றார். “தண்ணி நின்னு நின்னு பசை விட்டுப்போச்சு. ரப்பருக்கு எண்ணெய வேற போட்டு அது தொளதொளத்து, சுத்தி இம்புட்டு இடைவெளி கெடக்கு. மாத்தித்தான் ஆகணும்” என்றார். பிறகு மூடிய ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்று, தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, என்னைப் பார்த்து உரக்கக் கேட்டார். “எப்பிடி அண்ணாச்சி இத்தன நாளா இதுக்குள்ள இருந்தீங்க? தறிச் சத்தம் அப்பிடியே உள்ள வருதே.”

நான் சிரித்தேன். “எங்கன வருது? சத்தத்துல மட்டும் உங்க ஜன்னல நான் குறை சொல்ல மாட்டேன் தம்பி. ஒரு பொட்டுச் சத்தம் கேக்குதான்னு சொல்லும்” என்று கையைக் காதுக்குப் பின்னால் குவித்துக் காட்டினேன்.

அவர் என்னைப் பார்த்தார், பிறகு என் மனைவியைப் பார்த்தார். என் மனைவி அவர் பக்கம் ஓரடி நகர்ந்து, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, ரகசியமாக ஒன்று சொன்னாள். ரகசியம் என்று அவள் நினைத்தாள். ஒரு வருடத்துக்கு மேலாக என்னோடு பேசிப் பேசி அவளுக்கு ரகசியக் குரல் என்பதே இல்லாமல் போயிருந்தது. என்னோடு பேசும் குரலிலேயே, பழக்க தோஷத்தில், தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டாள்.

“அவங்களுக்குக் காது கேக்காது தம்பி. அவங்களுக்கே அது தெரியாது.”

கேட்டுவிட்டது. அவள் உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணாடிக்காரர் டேப்பை இழுத்து, ஏற்கெனவே அளந்த சட்டத்தைத் திரும்ப அளக்க ஆரம்பித்தார். நான் கட்டிலில் உட்கார்ந்தேன். தரையில் தறியின் அதிர்வு காலுக்குத் தெரிந்தது. முணுமுணுத்த போன் பெண், முணுமுணுத்த செய்தி வாசிப்பாளர், முணுமுணுத்த சகாக்கள் எல்லோரும் ஒரே நாளில் நல்லவர்களாகிவிட்டார்கள். ஊரில் யாருமே முணுமுணுக்கவில்லை, நான் ஒருவன்தான் செவிடு. அவமானமாக இருந்தது. அதைவிட அதிகமாகப் பயமாக இருந்தது.

அவர் அளவு எடுத்துக்கொண்டு போன பிறகு அவளிடம் கேட்டேன்.

“எப்ப இருந்து?”

“ஒங்களுக்கா, ஜன்னலுக்கா?”

“ரெண்டுக்கும்.”

“ஜன்னல் போன மழையில. ஒங்களுக்கு அதுக்கு ஆறு மாசம் முன்ன இருக்கும்.”

“சொல்லுததுக்கு என்ன?”

“எப்பிடிச் சொல்ல?” என்றாள். “ஊரக் கூட்டி ஒக்கார வச்சு, கேக்குதா கேக்குதான்னு ஜன்னல் போன பொறவும் கேட்டீங்க. அவுகளும் ஒங்க மொகத்தப் பாத்துட்டுக் கேக்கலன்னுட்டுப் போனாக. அம்புட்டு சந்தோசமா இருந்தீங்க. எனக்காக வாங்கினதுன்னு வேற சொல்லுதீங்க. நான் போயி, சத்தம் கேக்குதுங்கன்னு சொன்னா ஜன்னலும் போச்சு, காதும் போச்சுன்னு ஆகிராதா?”

முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு காதிலிருந்து ஒன்றை எடுத்தாள். உருட்டிய பஞ்சு. மறு காதிலிருந்து இன்னொன்று. இரண்டையும் ஜன்னல் கட்டையில் வைத்தாள். சாமி விளக்குக்கு என்று நான் வாங்கிப்போட்ட பொட்டலம் பொட்டலமான பஞ்சு எங்கே போயிற்று என்று அப்போது தெரிந்தது. எனக்காக அவள் பொய்யாகத் தலையாட்டிய நாளெல்லாம், நான் வாங்கித் தருவதாகச் சொன்ன அமைதியை அவளே பொட்டலத்திலிருந்து பிய்த்துப் பிய்த்துத் தயாரித்துக்கொண்டிருக்கிறாள். எனக்கு அழுகை வந்தது. அழுதேன். அதைச் சொல்வதில் வெட்கமில்லை.

அடுத்த வாரம் திருநெல்வேலியில் காது டாக்டரிடம் போனோம். ஒரு கூண்டுக்குள் உட்காரவைத்துக் காதில் மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார்கள். கூண்டுக்கு ஒரு சிறிய ஜன்னல் இருந்தது, இரட்டைக் கண்ணாடி. பனி படியாமல் சுத்தமாக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் கையைத் தூக்க மறந்துவிட்டேன் என்று டாக்டரிடம் வாதாடிப் பார்த்தேன். எடுபடவில்லை. கடலைப் பருப்பு அளவில் ஒரு மெஷினைக் காதுக்குப் பின்னால் மாட்டிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து படுக்கையறைக் கதவைத் திறந்ததும் தறி என் மேல் விழுந்தது. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. இத்தனை தறியும் என் கட்டிலுக்கு அடியிலேயே ஓடுவதுபோல இருந்தது. இதற்குள்தான் அவள் படுத்திருந்தாள். இதற்குள் நின்றுதான் நான், பாத்தியா, சத்தமே இல்லை என்று தினமும் சொல்லியிருக்கிறேன்.

புதுக் கண்ணாடி வந்து மாட்டினார்கள். இந்தத் தடவை உத்தரவாத அட்டையை நான் தொடவில்லை, ஓட்டையைப் பார்த்தேன். ஓட்டைக்கு மேல் பாம்பு நுழையாதபடி சின்னக் கம்பி வலை வைத்துத் தந்தார் கண்ணாடிக்காரர். புற்று மண்ணை ஜன்னலுக்கு மேலே ஒரு சிமிழில் வைத்தோம். அவளுக்கும் திருப்தி, தண்ணீருக்கும் வழி. மாதம் ஒருமுறை நான் ஒரு பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் அந்த வலையைச் சுத்தம் செய்கிறேன். பாம்பு இதுவரை வரவில்லை. அது மண்ணால் வரவில்லையா, வலையால் வரவில்லையா என்று வாதாட எங்கள் வீட்டில் இப்போது இரண்டு கட்சி இருக்கிறது.

ஜன்னலை மூடினோம். தறி எங்கேயோ அடுத்த தெருவில் ஓடுவதுபோல ஆயிற்று. இந்தத் தடவை நான் கேக்குதா என்று யாரையும் கேட்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் காதிலிருந்த பஞ்சை எடுத்து ஜன்னல் கட்டையில் வைத்தாள்.

“காப்பி குடிக்கீங்களா?” என்றாள்.

மெதுவாகக் கேட்டாள். கல்யாணமான புதிதில் அவளுக்கு இருந்த அந்தச் சின்னக் குரலில். அப்படி ஒரு குரல் அவளுக்கு இருந்ததையே நான் மறந்திருந்தேன். அது இத்தனை நாளும் அங்கேதான் இருந்திருக்கிறது.

“குடிக்கேன்” என்றேன்.

அவள் முகத்தைச் சுளித்து, ஜன்னல் கட்டையில் வைத்த பஞ்சைத் திரும்பக் கையில் எடுத்தாள்.

“எதுக்கு இப்பிடிக் கத்துதீங்க? ஒங்களுக்குக் கேக்காதுன்னு ஊருக்கே சேத்துல்லா இத்தன நாளா பேசுதீங்க. அந்த டிவி வேற. தறியாவது ராத்திரி நிக்கும்” என்றாள். பிறகு அடுப்படிப் பக்கம் போய்க்கொண்டே, அந்தச் சின்னக் குரலிலேயே சொன்னாள். என் புது மெஷின் ஒரு எழுத்து விடாமல் அதைக் கொண்டுவந்து காதில் போட்டது. “நான் பஞ்சு வச்சதுல பாதிதாம் தறிக்கு.”